நான் மறைத்த ஒன்பது பொருத்தம்

எண்பதுகளின் கடைசியில் செல்லூரில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்டேன். எனக்கு அந்தப் பெட்டியைத் துடைக்க மட்டுமே தெரியும். ப்ரோகிராம் எழுத வந்த முருகேசனின் வேலையைச் சோதிக்கத் தெரியாமல், அவன் ஜாதகத்தைப் பார்த்துச் சேர்த்தேன். ஆறே மாதத்தில் அதே ப்ரோகிராமை நகலெடுத்துப்போய் எதிரிலேயே கடை திறந்தான்.

"என்னடா இது?" என்றேன்.

"எழுதுனது நான்தானண்ணே. நீங்க தொடச்சுக்கிட்டே இருங்க."

அவன் தங்கைக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, பெண்வீட்டுக் கடையில் பொருத்தம் பார்க்க மனமில்லாமல் என்னிடம் வந்தார். பத்துக்கு ஒன்பது என்று அடித்து வந்த தாளை மடித்து மடியில் செருகினேன். இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"வேணாம்ணே. உங்க பய உசுருக்கே ஆகாது."

"அம்புட்டு மோசமா?" என்று எழுந்துவிட்டார்.

கல்யாணம் நின்றது. முருகேசனுக்கு வலித்ததா, தெரியாது; அவன்மேல் கோபம் இன்றும் தீரவில்லை. ஆனால் அவன் என்னிடம் இருந்தபோது எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்த அந்தப் பிள்ளை அழுததைத் தெருவே கேட்டது.