அமாவாசையன்று பட்டறைத் தெரு

குற்றாலத்து லாட்ஜ் வேலையை உதறிவிட்டு, சீசனுக்கு வருகிறவர்களைத் தென்காசிப் பட்டறைத் தெருவுக்கு நடத்திக் கூட்டிப்போகப் போவதாக ஷாரோன் சொன்னபோது, வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அருவியில் குளிக்க வருகிறவன் அரிவாள் அடிப்பதையா பார்ப்பான்? பார்த்தான். நாலு பேர், ஆறு பேராக வந்து, பொறி பறப்பதை வாய் பிளந்து பார்த்தார்கள்.

ஆனி மாதம், சென்னையிலிருந்து பன்னிரண்டு பேரோடு சுஜிதா வந்தாள். சுற்றுலாக் குழு நடத்துகிறவள். பிடித்துப்போனால் மாதாமாதம் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். ஷாரோனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. குடை, தண்ணீர், சுக்குக்காப்பி என எல்லாவற்றையும் யோசித்தவள், அது என்ன நாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அவள் வீட்டில் தொங்குவது சர்ச் காலண்டர். அதில் அமாவாசை போட்டிருக்காது.

அமாவாசையன்று பட்டறைக்காரர்கள் உலை மூட்டமாட்டார்கள், கருவியைத் தொடமாட்டார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம், அவளுக்கும் தெரியும். தெருமுனையில் திரும்பி, சத்தமே இல்லாததைக் கேட்டபிறகுதான் உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அருவியில் குளித்துவிட்டு, திருநீறும் ஈரத்துண்டுமாக வந்தார் கொல்லர் செல்லச்சாமி.

"ஏட்டி ஷாரோன், இன்னைக்கா கூட்டிட்டு வந்த?"

"புத்தி கெட்டுப்போச்சு அண்ணாச்சி. ஒரே ஒரு அடி அடிச்சுக் காட்டுங்களேன்."

"சுத்தியலத் தொடமாட்டேன். அத மட்டும் கேக்காத."

பன்னிரண்டு பேரும் சாரலில் நனைந்துகொண்டு நின்றார்கள். சுஜிதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். செல்லச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. கதவைத் திறந்தார். பொட்டு வைத்த கருவிகள் வரிசையாக இருந்தன. அவர் பட்டறைக்கல் முன்னால் நின்று வெறுங்கையை ஓங்கினார்.

"ணங்!" என்றார் வாயால். "எதிர்ல நிக்கவன் ரெண்டாவது அடி அடிக்கணும். யாரு வாறியோ?"

ஒரு வங்கி மேலாளர் வேட்டியை மடித்துக் கட்டினார். "ணங்!" பிறகு அவர் மனைவி. எதிர்வீட்டுத் தச்சர் வந்து வெறுங்கையால் இழைப்புளி தள்ளினார். அரைமணி நேரத்தில் பன்னிரண்டு பேரும் காற்றை அடித்து வியர்த்திருந்தார்கள். சுஜிதாதான் எல்லாரையும் விடப் பலமாகக் கத்தினாள்.

கிளம்பும்போது அவள் கேட்டாள். "ஷாரோன், அடுத்த அமாவாசை எப்போ?"

ஷாரோனுக்கு இப்போதும் அழுகைதான் வந்தது, சிரிப்போடு.

செல்லச்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "மாசத்துல ஒரு நாள் இந்தக் கை சும்மா கெடந்துச்சு. அதுக்கும் வேல வச்சிட்டியேட்டி!"