ஐயனாருக்குப் போன ஜாவா

திருமானூரில் ஆயில் இன்ஜின் அரியமுத்து என்றால் கொள்ளிடக்கரைக் குடியானவர்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் இறைக்கிற இன்ஜின் நின்றுபோனால் அவனுக்குத்தான் ஆள் விடுவார்கள். அவன் பெண்சாதி குஞ்சம்மாளை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் போகட்டும், இது அவள் கதைதான்.

கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம், முந்திரிக்காட்டில் கூலிக்குக் கொட்டை பொறுக்கிய வீட்டில் பிறந்தவள். கொட்டைப்பால் பட்டுப் பட்டு உள்ளங்கைத் தோல் உரிந்து ரேகையே மங்கிப் போயிருக்கும். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டாளோ, அதற்கப்புறம் பேச்சே கிடையாது. அரியமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, முதல் ரெண்டு பிள்ளையும் தங்காமல், மூன்றாவதாகத் தங்கினது பூங்காவனம்.

அந்தப் பெண்ணுக்கு ஆறேழு வயசிருக்கும்போது வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. வந்தது என்றால் ஓடி வரவில்லை, சாக்குமூட்டையில் வந்தது. பெரம்பலூரில் ஒரு கரும்பு ஆபீசர், மாற்றலாகிப் போகிறபோது, பிரித்துப் போட்டது பிரித்தபடியே கொட்டகையில் விட்டுப்போன ஜாவா. தன் கிணற்று இன்ஜினைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவன் என்று, "நீயே எடுத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டார். அரியமுத்து லாரியில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் கொட்டினான். குஞ்சம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னங்க இது? பேரிச்சம்பழக்காரன் வந்தா போடறதுக்கா?"

"ஓடுற வண்டிடி இது. கோத்தா ஓடும்."

கோக்க ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷமும் அப்பனும் மகளும் வாசலை விட்டு நகரவில்லை. அவன் கையை நீட்டினால் போதும், எந்த ஸ்பானர் என்று கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் அந்தக் குழந்தை. கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி நட்டுகளைக் கழுவி வெயிலில் பரப்பும். காக்காய் தூக்கிப் போய்விடாமல் காவல் இருக்கும்.

"பொண்ணாப் பொறந்துட்டு ரெண்டு கையும் கன்னங்கரேல்னு. உன்னை எவன்டி கட்டிக்குவான்?" என்பாள் குஞ்சம்மாள்.

"கட்டிக்க வர்றவனைப் பின்னாடி உக்காந்துக்கச் சொல்லும்மா. நான்தான் ஓட்டுவேன்."

வண்டி கிளம்பின அன்றைக்கு ஊரே வந்து பார்த்தது. பூங்காவனம் டேங்க் மேல் உட்கார்ந்து அப்பன் கைகளுக்கு நடுவிலே போனாள். குஞ்சம்மாளுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் எரிச்சல். அவர்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்கிற பேச்சில் அவளுக்குப் பாதி விளங்காது. 'நானும் இந்த வூட்லதான் இருக்கேன்' என்று சட்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பாள்.

பிறகுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. முட்டிக்கு முட்டி வீங்கிற்று. ஒன்று வடிந்தால் இன்னொன்று வீங்கும். வீக்கம் போயும் பிள்ளைக்கு மூச்சு நேராகவில்லை, நாலு எட்டு நடந்தால் வாய் திறந்துகொள்ளும். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில், "இருதயத்துக்குள்ள கதவு மாதிரி ஒண்ணு இருக்கும்மா, அது சரியா மூடலை" என்றார் டாக்டர். மாசாமாசம் ஊசி. ஓடக்கூடாது, ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. பள்ளிக்கூடம் நின்றது. அதுக்கு மிச்சம் இருந்தது ஜாவா ஒன்றுதான். ஊசிக்குப் போவதே அதில்தான். ஊசி இடுப்பில் கடுத்தாலும், டேங்கில் ஒருசாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ரோட்டுல வேணாம்பா, கரையோரமா போ" என்று வீடு வந்து சேரும்.

எழுபத்தேழில் கொள்ளிடம் கரைபுரண்டு வந்ததே, அதற்கு அடுத்த ஐப்பசியில் பிள்ளைக்கு மூச்சுத் திணறி, காலெல்லாம் நீர் கோத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அரியமுத்து கூட இருந்தான். மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்த குஞ்சம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. கரையடியில் இருக்கிற ஐயனார் கோயிலுக்குப் போனாள். நேர்ந்துகொண்டவர்கள் வைத்த மண்குதிரைகள் காது உடைந்ததும் கால் உடைந்ததுமாக வரிசையாக நின்றன. சாமிக்கு எதைக் கொடுப்பது என்று அங்கே நின்று யோசித்தாள். ஆடு இல்லை. காதில் கிடந்தது பித்தளை. மண்குதிரை எல்லாரும்தான் வைக்கிறார்கள், பிள்ளை உயிருக்கு அது ஈடாகுமா? கொடுக்கிற பொருள் வலிக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கொடுத்தால் வலிக்கிற பொருள் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

"ஐயா, எம்புள்ளைய எழுப்பிக் குடு. எங்க வூட்டுக் குதிரைய ஓட்டியாந்து உன் வாசல்ல விட்டுடறேன். அப்புறம் நாங்க யாரும் அதுல ஏறமாட்டோம்."

வலிக்கப்போவது யாருக்கு என்று அவள் அப்போது நினைக்கவில்லை.

பிள்ளை எழுந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்து, எழுந்து உட்கார்ந்தபிறகுதான் புருஷனிடம் சொன்னாள்.

"என்னத்தை நேர்ந்துக்கிட்ட?"

"வண்டிய."

"என்னைக் கேக்காமயா?"

"நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்க."

"உன் தோட்டைக் குடுக்கறது!"

"பித்தளைன்னு சாமிக்குத் தெரியாதாங்க?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். அன்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொடுக்காமல் விட்டு நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? அந்தப் பயம் அவனுக்குள்ளும் புகுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைத் துடைத்து, மாலை போட்டு, மகளை டேங்கில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனான். குதிரை செய்கிற பிச்சைமுத்துதான் அங்கே பூசாரி. வண்டி விளக்குக்கு மேலே குங்குமம் வைத்து, ரெண்டு குதிரைக்கு நடுவிலே நிறுத்தச் சொன்னார்.

"சாமிக்கு ஓட்டத் தெரியுமாப்பா?" என்றது குழந்தை.

"தெரியும்."

"கிக்கரை அமுக்கிச் சாய்ச்சா அதுதான் கியருன்னு யாரு சொல்லுவா?"

"நான் சொல்லிடறேன் ஆத்தா," என்றார் பூசாரி.

"உங்களுக்கே தெரியாதே!"

அதற்கப்புறம் அந்த வீட்டில் சத்தம் செத்துவிட்டது. அரியமுத்து சைக்கிளில் இன்ஜின் பார்க்கப் போனான், இருட்டுகிறபோது வந்தான், தின்றான், படுத்தான். மகள் சுவரோரம் கிடந்தாள். ரோட்டில் ஏதாவது வண்டி போனால், "புல்லட்டு", "ராஜ்தூத்து" என்று முனகுவாள். அப்பன் காதில் விழாத மாதிரி இருப்பான். பிள்ளையைக் கேட்டு வாங்கினோம், வாங்கின பிள்ளைக்குப் பேச ஆள் இல்லாமல் செய்துவிட்டோமே என்று குஞ்சம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். வெளியே சொல்லமாட்டாள்.

ஒரு நாள் பிள்ளை நச்சரித்ததில் இடுப்பில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். டயரில் காற்று இறங்கியிருந்தது. சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. செயின் செம்மண் நிறத்தில் துரு.

"ஏம்மா, சாமி வண்டின்னா எண்ணெய் போடக்கூடாதா?"

குஞ்சம்மாள் பூசாரியைப் பார்த்தாள். பூசாரி மண் பிசைந்த கையோடு தலையைச் சொறிந்தார். "தேர் அச்சுக்கு எண்ணெய் போடறோமே. இதுக்கு மட்டும் என்ன?"

அந்த வாரத்திலிருந்து அப்பனும் மகளும் வெள்ளிக்கிழமை தவறாமல் போனார்கள். ஏறவில்லை, ஓட்டவில்லை. பிரித்தார்கள், துடைத்தார்கள், கோத்தார்கள். குதிரை நிழலில் சாக்கை விரித்துப் படுத்தபடி பிள்ளை அதிகாரம் பண்ணும். "ஐயனாருக்கு அரியமுத்துதான் மெக்கானிக்கு" என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டதே, குஞ்சம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

அப்படியே ரெண்டு வருஷம் போனது. மறுபடியும் கால் வீங்கிற்று. இந்த முறை டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபரேஷன் தாங்குகிற உடம்பு இல்லை என்றார். "வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. ஆசைப்பட்டதைக் குடுங்க."

என்ன ஆசை என்று கேட்டால் பிள்ளை வேறென்ன சொல்லும்?

"ஒரே ஒரு தடவைப்பா. கரை மேல."

"வேணாஞ்சாமி. அது நமக்கில்ல," என்றான் அரியமுத்து. வண்டிக்காக உயிரை விட்ட மனுஷன், இப்போது அதை ஓட்டினால் பிள்ளை போய்விடும் என்று நடுங்கினான். கொடுத்தவள்தான் கிடந்து யோசித்தாள். வாக்கைக் காப்பாற்றினால் பிள்ளை இருக்குமா? டாக்டர் இருக்காது என்கிறார். வாக்கை மீறினால்? இருக்கிற நாலு நாளையும் சாமி பிடுங்கிக்கொண்டால்?

வெள்ளிக்கிழமை அவர்களோடு அவளும் போனாள். "பூக்கட்டிப் பாருங்கய்யா. ஒரு நடை ஓட்டிட்டு வந்து விட்டுடறோம். சாமி என்ன சொல்லுதுன்னு கேளுங்க." பூசாரி ஒரு இலையில் வெள்ளைப்பூ, ஒரு இலையில் சிவப்புப்பூ வைத்து மடித்துச் சன்னதியில் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. பிள்ளையே ஒன்றை எடுத்துப் பிரித்தது.

செவ்வரளி.

பிள்ளை அழவில்லை. பூவைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு, "போலாம்மா," என்றது.

அந்த மூஞ்சியைக் குஞ்சம்மாள் பார்த்தாள். பார்த்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அரியலூர் பங்க்கில் பிடித்துவரும்படி பஸ் டிரைவரைக் கெஞ்சி வாங்கின பெட்ரோல். சொல்லப்போனால் அவள் அன்றைக்குக் கேட்க வரவில்லை, சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள்.

"ஐயா, குடுத்தது நான். ஒருநடைக்கு எடுக்கறதும் நான். குத்தம் இருந்தா என் தலையில போடு, அவங்க ரெண்டு பேரையும் விட்டுடு."

"அம்மா, ஆயில் கலந்தியா?" என்றது பிள்ளை. "சும்மா பெட்ரோல் ஊத்தினா இன்ஜின் புடிச்சுக்கும்!"

பூசாரி முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "களிமண்ணு காயுது, நான் போய்ப் பாக்கணும். இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

அரியமுத்து நின்ற இடத்தில் நின்றான். "என்னால முடியாது குஞ்சு. ஒண்ணு ஆயிட்டா..."

"ஒண்ணும் ஆகாம இருக்கப் போவுதாங்க? ஏறுங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆயிலைக் கலந்தான். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, உதைத்தால் கிளம்பாது. சரிவில் தள்ளிவிட்டு, வண்டி ஓடுகிறபோது கிளட்சை விட்டுத்தான் கிளப்பவேண்டும். கரை மேல் ஏற்றினார்கள். அவன் ஹாண்டிலைப் பிடிக்க, பிள்ளை டேங்கில் உட்கார்ந்து ரெண்டு கையாலும் கிளட்சை இறுக்கிக்கொண்டது. பின்னாலிருந்து குஞ்சம்மாள் தள்ளினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சரிவில் ஓடி ஓடித் தள்ளினாள்.

"விடு பூவு!" என்று மகளுக்குக் கத்தினான் அரியமுத்து.

விட்டது. வண்டி ஒரு வெட்டு வெட்டி, இருமி, புகையைக் கக்கி எழுந்தது. குஞ்சம்மாள் மண்ணில் விழுந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தபோது, மகள் அப்பன் தோளுக்கு மேலே எட்டித் திரும்பி அவளைப் பார்த்தது. பல்லெல்லாம் தெரிந்தது. அப்படி அது சிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது! வளைவில் வண்டி மறைந்தது. சத்தமும் தேய்ந்து இல்லாமல் போனது. திரும்பக் கேட்கிற வரைக்கும் அவள் மண்ணிலிருந்து எழுந்திருக்கவில்லை.

மார்கழியில், விடிந்து தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிற நேரம் பிள்ளை போய்விட்டது.

ஊர் சும்மா இருக்குமா? கருமாதிக்கு வந்த இடத்தில் பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "சாமிக்குன்னு விட்டதைத் தொடலாமா குஞ்சு? பூவும் வேணாம்னுதானே சொல்லுச்சு?"

"அன்னிக்கு எம்பொண்ணு மொகத்தைப் பாத்தியாக்கா?"

"நான் எங்க பாத்தேன்."

"அப்பப் பேசாத."

வெளியில் அப்படி அடித்துப் பேசிவிட்டாள். உள்ளே ஒரு முள் கிடந்து குத்திக்கொண்டுதான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அரியமுத்து அவளோடு பேசவில்லை. போட்டதைத் தின்றான், போனான், வந்தான். ஊர் நினைப்பதை அவளால் தாங்க முடியும். இவனும் அதையே நினைத்தால்? தை பிறந்து ஒரு நாள், சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, நேராகவே கேட்டாள்.

"நீங்களும் என்னாலதான்னு நெனைக்கறீங்களா?"

"தெரியல குஞ்சு," என்றான். அதுதான் நிஜம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கொஞ்சம் கழித்து அவனே சொன்னான்: "மதகு தாண்டினதும், 'கைய எடுப்பா, நான் புடிக்கறேன்'னுச்சு. எடுத்துட்டேன்."

இதை அவன் இதுவரைக்கும் சொன்னதில்லை. கரையில் அவர்கள் மறைந்தபிறகு என்ன நடந்தது என்று அவளும் கேட்டதில்லை.

"நேராப் புடிச்சுதா?"

"கொஞ்சங்கூடக் கோணல."

குஞ்சம்மாள் அவன் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "அப்புறம்?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். உலை கொதித்து அடுப்பில் வழிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.