சுடலைமாடத்திக்குக் காய்ச்சல் வந்த நாள்

பதினொரு மணி நேரம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மூன்றாம் மாடியில், காட்டன் சேலைப் பிரிவில், சுடலைமாடத்தி ஒரு நாளில் நிற்கிற நேரம் அது. வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று கேரளத்தில் சட்டமே வந்துவிட்டது. கடையும் ஸ்டூல் வாங்கிப் போட்டது. ஸ்டூல்மேல் சேலைப் பெட்டி அடுக்கியிருக்கிறது. சோதனைக்கு ஆள் வந்தால் பெட்டி இறங்கும், போனதும் ஏறிவிடும். சுவரில் சாய்ந்தால்கூடக் கேமரா பார்க்கும். உடனே ஒலிபெருக்கியில் மேனேஜர் சுதீஷின் குரல் வரும்: “காட்டன் செக்‌ஷன், உறக்கமோ?” அந்தக் குரலுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தவள் அவள். கக்கூஸுக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தாலும் கேள்விதான்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் வன்னியராஜுக்குக் கட்டட வேலை. மழை பிடித்தால் அவனுக்கு வேலை இல்லை, அப்போது அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த திருவனந்தபுரம், ஆற்றுக்கால் பக்கத்து வாடகை வீட்டிலிருந்து சாலைக் கடைவரைதான். ஊரில் அது யாருக்கும் தெரியாது. போகும்போதெல்லாம் பட்டணத்தையே விலைக்கு வாங்கியவள் மாதிரி பேசிவிட்டு வந்திருக்கிறாள். அது அவளுக்கே வினையாயிற்று. ஊரில் பீடி சுற்றுகிற தங்கை கலைச்செல்வி, புதன்கிழமை ரயிலேறி வருவதாகப் போனில் சொல்லிவிட்டாள். மியூசியத்தில் படம் பார்க்க வேண்டுமாம், ஏசி ஹோட்டலில் மீன் சாப்பிட வேண்டுமாம். எல்லாம் அக்காதான் கூட்டிப்போக வேண்டுமாம்.

ஓண விற்பனை மும்முரமான மாதம். லீவு கேட்பதும் வேலையை விடுவதும் ஒன்று. சுடலைமாடத்தி புதன்கிழமை காலையிலேயே சுதீஷுக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்றாள். போனை வைத்ததும் உடம்பு நிஜமாகவே சுட்டது.

ரயிலிறங்கிய தங்கையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பயம் பஸ் நிறுத்தத்திலேயே ஆரம்பித்தது. கடை திறக்குமுன் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது சுதீஷின் வழக்கம். அந்தப் பக்கம்தான் பஸ் ஏற வேண்டும். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு பழக்கடைத் தார்ப்பாய்க்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னக்கா, கடன்காரனுக்குப் பயந்தவ மாதிரி பதுங்குத?”

“வெயிலு ஆகாதுட்டி” என்றாள் இவள். வானம் மூட்டமாக இருந்தது.

மியூசியத்தில் படங்கள் இருந்த கட்டடம் குளுகுளுவென்றிருந்தது. உள்ளே போனதும் கலைச்செல்வி படத்தைப் பார்த்தாள். சுடலைமாடத்தி கூரை மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு கேமரா இருந்தது. அடுத்த அறையிலும் ஒன்று. இந்தக் கேமராவை யார் பார்ப்பார்கள், பார்த்தவர் யாரிடம் சொல்வார் என்று அவள் மனசு தறிகெட்டு ஓடியது. ஆனைமேல் வருகிற ராஜா, ஆற்றங்கரைப் பெண், மலை, மேகம், ஒன்றும் அவள் கண்ணில் ஏறவில்லை. ஒரு பெரிய படத்தில் பட்டுச் சேலை கட்டியவள் ஒருத்தி ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தாள். அதன் எதிரே கிடந்த பெஞ்சில் கலைச்செல்வி காலை நீட்டி உட்கார்ந்து, அக்காவையும் கூப்பிட்டாள். பெஞ்சு முழுக்கக் காலிதான். இவளுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு வலித்தது. ஆனாலும் உட்கார முடியவில்லை. கேமரா நேர் எதிரே இருந்தது. கைகளை முன்னால் கோத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

அந்நேரம் வடக்கத்திக் குடும்பம் ஒன்று உள்ளே வந்தது. சுடலைமாடத்தி தன்னை அறியாமல் ஒதுங்கி, சிரித்து, “வாங்க வாங்க” என்றாள். அந்த அம்மாள் அவளை மியூசியத்து ஆள் என்றே நினைத்து, அடுத்த அறைக்கு எப்படிப் போவது என்று கையால் கேட்டாள். இவளும் கையை நீட்டி வழிகாட்டினாள். கலைச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

ஹோட்டல், பாளையம் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தது தங்கை. சாலைக் கடைத்தெருவை விட்டுத் தூரம், கடைக்காரர்கள் யாரும் இவ்வளவு தூரம் வந்து சாப்பிட மாட்டார்கள் என்று சுடலைமாடத்தி மனசைத் தேற்றிக்கொண்டாள். நாற்காலி மெத்தென்றிருந்தது. அவள் நுனியில்தான் உட்கார்ந்தாள். கண் வாசல் கண்ணாடிக் கதவிலேயே இருந்தது. கரிமீன் வாழையிலையில் பொதிந்து வந்தது. தங்கை இலையைப் பிரித்து, மசாலா மணத்தை மூக்குக்கு இழுத்தாள்.

கதவு திறந்தது. ஈரோட்டுத் துணி ஏஜெண்ட் ஒருவரைச் சாப்பிட அழைத்துக்கொண்டு சுதீஷ் வந்தான்.

அவன் இவளைப் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தான். தலையைக் குனிந்திருந்தால் தப்பியிருப்பாள். ஆனால் கதவு திறந்து ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வருஷக்கணக்காக உடம்பில் ஏற்றி வைத்திருக்கிறார்களே. சுடலைமாடத்தி விருட்டென்று எழுந்தாள். கையைக் கோத்தாள். சிரித்தாள்.

“வாங்க சார், வரூ சார்.”

வாயிலிருந்து வார்த்தை விழுந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு விளங்கியது. சுதீஷ் அவளையும் பார்த்தான், மீனையும் பார்த்தான். அவன் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“காய்ச்சல் கொறஞ்சோ மாடத்தி?” என்றான். “நாளைக்கு ஐடி கார்டைக் கொண்டுவந்து தந்துடு. அப்பறம் மீன் தின்னு நல்லா ரெஸ்ட் எடுக்கலாம், கேட்டோ.”

ஏஜெண்ட் சிரித்தார். இருவரும் மூலை மேசைக்குப் போனார்கள். தங்கைக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள். சுடலைமாடத்திக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

தங்கையை ரயிலேற்றிவிட்டு, கடையில் பக்கத்துக் கவுண்டரில் நிற்கிற கௌசல்யாவுக்குப் போன் செய்து அழுதாள். வன்னியராஜிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கௌசல்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “காலைல வா, பாப்போம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். கௌசல்யாவும் கைவிட்டுவிட்டாள் என்றே சுடலைமாடத்தி நினைத்தாள்.

காலையில் ஊழியர் வாசலில், பை சோதனைக்குப் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். சுதீஷ் கையை நீட்டினான். சுடலைமாடத்தி கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். வரிசையிலிருந்து கௌசல்யா முன்னால் வந்தாள்.

“சார், போன மாசம் எனக்கு வயித்து வலின்னேம்லா? அது பொய்யி. மைனி மகளுக்கு வளைகாப்பு. இவளை நிறுத்துனா என்னையும் நிறுத்துங்க.”

அவள் பின்னால் ஸ்மிதா வந்தாள். மலையாளத்துக்காரி. “எனக்கும் டெங்கு ஒண்ணும் இல்ல சாரே. கோவளத்துல கடல் பார்க்கப் போயிருந்நு.” வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுதீஷ் கத்தினான். கத்திக்கொண்டிருக்கும்போதே பிளவுஸ் பிட் பிரிவிலிருந்து ஒருத்தி, தன் மாமியார் இரண்டு தடவை செத்த கதையைச் சொன்னாள். அப்புறம் நைட்டி பிரிவு. அப்புறம் குழந்தைகள் உடுப்பு. ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டுத் தன் அட்டையைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். எல்லோருக்கும் முகம் வெளிறித்தான் இருந்தது. ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்.

முன்வாசலில் ஓணக்கோடிப் புதுத்துணி வாங்க ஜனம் ஷட்டரைத் தட்ட ஆரம்பித்திருந்தது. சுதீஷ் கை நிறைய அட்டைகளோடு நின்றான். ஷட்டர் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு மொத்தத்தையும் வாட்ச்மேன் மேசைமேல் கொட்டிவிட்டு, கடையைத் திறக்கச் சொல்லிவிட்டு மேலே போனான்.

சுடலைமாடத்தி குவியலில் தன் அட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் மாடி ஏறினாள்.

அன்று தன் பொய்யைத் தன் வாயாலேயே சொன்ன பெண்கள்: இருபத்தாறு பேர்.