ஏழாம் நம்பர் கால்

"எட்டு. இடது பெருவிரல் கொஞ்சம் அடம்பிடிக்கும், பாத்துக்கலாம். உள்ள வாங்க."

வந்தவர் இன்னும் செருப்புக் கடை வாசலைத் தாண்டவில்லை. சைஸ் அண்ணன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அவருக்குக் கால்தான் முகம். அளவுகோலைத் தொடாமல் பெட்டியை உருவுவார். மண்டியிட்டு உள்ளங்கையை நீட்டி, "காலைக் குடுங்க" என்பார். எப்பேர்ப்பட்ட அதிகாரியும் அந்தக் கையில் குதிகாலை வைத்தே ஆக வேண்டும்.

அவருக்கு மசியாத கால் ஒன்றே ஒன்று. அது மனைவியுடையது.

"நான் ஆறு."

"ஏழு."

"கல்யாணத்தப்பவே ஆறுதான்."

"கல்யாணத்தப்ப எனக்குக்கூடத்தான் முடி இருந்துச்சு."

அந்த அம்மாள் அசரமாட்டார். பிதுங்கி வழியும் பாதத்தை ஆறாம் நம்பர் செருப்புக்குள் திணித்துக்கொண்டு ராணி மாதிரி நடப்பார். உட்கார்ந்ததும், யாரும் பார்க்காதபோது, மெல்லக் கழற்றிவிடுவார்.

ஊர்க் காலெல்லாம் அளந்தவர் சொந்தக் காலில் கோட்டைவிட்டார். எட்டு போட்டவருக்கு ஒன்பது தேவைப்பட்டது. பிறகு பத்தும் கடித்தது. கால் வளர்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "கம்பெனிக்காரன் தோலைத் திருடுறான்" என்று கத்தி, நல்ல சரக்கையெல்லாம் திருப்பி அனுப்பினார். மோதிரம் கழற்ற முடியாமல் விரலில் இறுகிக்கொண்டபோது மோதிரம் செய்தவனுக்கும் அர்ச்சனை விழுந்தது. "இந்த வயசுல ஆம்பளைங்க தொப்பைதான் வளப்பாங்க. இவரு காலை வளக்கிறாரு" என்றார் மனைவி.

அடுத்து, கடை பெஞ்சில் வம்பு வந்தது. நடுவில் உட்கார்ந்தவருக்கு ராஜ உபசாரம். இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்தவர்கள் கனைத்துப் பார்த்துவிட்டுக் கோபமாக எழுந்து போனார்கள். "ஓரத்துல உக்காந்தவன் மனுஷன் இல்லையா? உனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்றார் முதலாளி.

ஸ்கேன் எடுத்தபோது முதலாளி வாக்கு பலித்திருந்தது. தலைக்குள் நிஜமாகவே கனம்தான். மண்டையோட்டின் அடித்தளத்தில், கண்களுக்குப் பின்னால், பட்டாணி அளவுச் சுரப்பியில் திராட்சை அளவுக்குக் கட்டி. காலை வளர்த்ததும் அதுதான். கண் நரம்பை அமுக்கி இரண்டு ஓரப் பார்வையையும் அழித்ததும் அதுதான். புற்று இல்லை. ஆனால் விட்டுவைத்தால் மிச்சப் பார்வையும் போகும். எடுத்தாலும், போனது திரும்புமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"தலையைத் திறக்க வேண்டியதில்ல. மூக்கு வழியா சின்ன கேமராவை விட்டு எடுத்துடலாம்" என்றார் சர்ஜன்.

"மூக்கு வழியாவா? அப்ப பலமா ஒரு தும்மல் போட்டா வந்துடாதா டாக்டர்?"

"ஊர்ல இவரு மூக்கை நுழைக்காத இடமில்ல" என்றார் மனைவி. "இப்ப இவரு மூக்குக்குள்ள ஊரே நுழையப்போகுது."

முதலாளியிடம் லீவு சொல்லப் போனபோதும் வீறாப்புக்குக் குறைச்சலில்லை. "ஷூவுக்குள்ள கல்லு விழுந்தா ஷூவைக் கிழிக்கிறோமா? வாய் வழியா எடுத்துடுறோம்ல, அதான் இதுவும்." சிரித்துக்கொண்டே வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார். "ஓரத்துல வந்து உக்கார்ற கால் கடைசிவரைக்கும் தெரியலன்னா, நான் எதுக்கு முதலாளி இந்தக் கடைக்கு?"

முதலாளி வழக்கம்போலத் திட்டவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள். மூக்கில் அடைத்த பஞ்சுடன் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தும்மக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது. குனியாமல் என்ன செருப்பு விற்பது என்று காலையிலேயே நர்ஸிடம் ஒரு பாட்டம் புலம்பி முடித்திருந்தார். கட்டிலை ஒட்டிய நாற்காலியில் மனைவி, இரவெல்லாம் உட்கார்ந்த களைப்பில்.

"எதிர்ல கடிகாரத்தையே பாருங்க. கண்ணைத் திருப்பக் கூடாது" என்ற சர்ஜன், அந்த நாற்காலிப் பக்கமாக வந்து நின்று இரண்டு விரலைத் தாழ்வாக நீட்டினார். "இங்க எத்தனை?"

சைஸ் அண்ணன் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிதானமாக ஒரு கையை முழுதாக விரித்தார். மறு கையில் இரண்டு விரலை உயர்த்தினார்.

ஏழு.

சர்ஜன் முகம் தொங்கிப்போனது. நாற்காலியில் இருந்த அம்மாள் மட்டும் வெடுக்கென்று நிமிர்ந்து, வெளியே நீட்டியிருந்த வெறுங்காலை ஆறாம் நம்பர் செருப்புக்குள் திணிக்க ஆரம்பித்தார்.