துணிக்கொடி

உயரம் தாண்டுவதில் மாவட்டத்திலேயே முதலாக வந்தவர் நூர் பாஷா. தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து, அவர் எம்பித் தாண்டும் இடது காலே போய்விட்டது. இனி என்ன ஆட்டம் என்றது அவர் ஊரான பொம்மிடி. அவரோ கொல்லையில் வைக்கோலைப் பரப்பி, மனைவி சுல்தானாவின் துணிக்கொடியை வலது காலால் நொண்டியடித்துத் தாண்டிப் பழகினார். தோதாக அவர் கயிற்றை இறக்கிக் கட்டினால், "சேலையெல்லாம் மண்ணுல பொரளுது" என்று திட்டிக்கொண்டே அவள் மறுபடி ஏற்றிவிடுவாள்.

எழுபத்து நான்காம் வருடம் பெங்களூரில் ஊனமுற்றோருக்கான போட்டி. ஊன்றுகோலோடு வந்தவரைப் பார்த்து இரக்கப்பட்ட நடுவர், தாண்டவேண்டிய குறுக்குக் கம்பை இறக்கச் சொன்னார். நூர் பாஷாவுக்குச் சுருக்கென்றது.

"ஏத்துங்க சார். எங்க வூட்டுத் துணிக்கொடியே இதைவிட உசரம்ங்க."

ஏற்றினார்கள். தாண்டினார்.

ஊர் திரும்பியதும் கயிற்றை அவரே இன்னும் உயர்த்திக் கட்டினார். கை எட்டவில்லை என்று அதற்கும் திட்டினாள் சுல்தானா.