கரண்ட் இல்லாத நாளில் கொடுத்த விதிவிலக்கு

அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் செக்போஸ்ட். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், நானும் கோபித்துக்கொள்வதில்லை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விருத்தாசலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சர்வர், ஃபைல்களைப் போட்டுவைக்கும் கிளவுடு ஸ்டோரேஜ் இதையெல்லாம் இப்போது யாரும் கையால் அமைப்பதில்லை. எது எப்படி இருக்க வேண்டும் என்று கோடிங்காக எழுதிக் கொடுத்தால் தானே அமைந்துகொள்ளும். அப்படி அமைவதற்கு முன்னால், நான் எழுதி வைத்திருக்கும் விதிகள் அந்தக் கோடிங்கை வரி வரியாகப் பார்க்கும். ஊர் பேர் தெரியாதவன் திறந்து பார்க்கும்படி ஒரு ஸ்டோரேஜை விட்டிருந்தால் சிவப்பு விழும், வேலை அங்கேயே நிற்கும். பச்சை விழுந்தால்தான் மேலே போகலாம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விதியைத் தளர்த்தச் சொல்லி எவராவது வந்தால், "உங்க வீட்டுக் கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறு பேச்சு. அவ்வளவு திமிராகப் பேசியவள்தான் இதைச் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் கட். நான் இருக்கும் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் காலை ஒன்பது மணிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வரும். யூபிஎஸ் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மெடிக்கல் பரிசோதனை செய்யும் ஒரு சென்டர் எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய வெப்சைட்டில் போடும் படங்களுக்கு ஒரு ஸ்டோரேஜ் வேண்டும், அதை எல்லாரும் பார்க்கும்படி விட வேண்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கைதான், கட்டடத்தின் போட்டோவில் என்ன ரகசியம்? அந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்க அதன் முழுப்பெயர் வேண்டும். ஆனால் பெயரின் கடைசியில் ஒவ்வொரு முறையும் புதிய எண் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி இன்னும் ஐந்து நிமிடம் தாங்குமோ என்னவோ. சென்டரின் பெயரை எழுதி, பின்னால் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டேன். அந்தப் பெயருக்குப் பிறகு எது வந்தாலும் விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம். காரணம் கேட்ட இடத்தில் 'தற்காலிகம்' என்று எழுதினேன். பச்சை விழுந்தது.

அதற்குப் பிறகு பல மாதங்கள் பச்சையாகவே விழுந்தது. அந்தச் சென்டருக்காக எதை அமைத்தாலும் ஒரு தடங்கல் கிடையாது. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சிவப்பு விழுந்தால் பத்துப் பேர் போன் செய்வார்கள், பச்சையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுத்த போர்ஷனில் இருக்கும் பெண் கையில் போனோடு வந்து நின்றாள். மங்கலம்பேட்டைக் குடும்பம். கணவர் சவுதியில் இருக்கிறார், இவள் பிள்ளைகளின் ஸ்கூலுக்காக இங்கே வாடகைக்கு இருக்கிறாள்.

"அக்கா, இத பாருங்க. காலைல வந்துருக்குது."

தெரியாத நம்பரிலிருந்து ஒரு லிங்க். தட்டினால் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. கீழே அவள் கணவரின் பெயர், பாஸ்போர்ட் எண், வீட்டு நம்பர் என்று இவளுடைய போன் நம்பர், நுரையீரலில் பழைய தழும்பு என்று ஒரு வரி. லிங்கோடு 'உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?' என்று மட்டும் எழுதியிருந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அவருக்கு நெஞ்சில் நோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமான பிறகுதான் சவுதி போனாராம். அது மூன்று பேருக்கு மட்டும் தெரியும். அவர், இவள், அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அவருடைய அக்கா. அந்த அக்கா கணவரை இழந்தவர், மங்கலம்பேட்டையில் அம்மாவோடு இருக்கிறார்.

"எங்க நாத்தனாரத் தவிர வேற யாருக்குக்கா தெரியும்? மாமியார்கிட்ட போன்ல சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாரும் மாமியார் வூட்டுல கூடுறாங்க. அந்த வூட்டுல இனிமே அவங்க இருக்கக் கூடாது."

நான் லிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் தொடக்கத்தில் அந்தச் சென்டரின் பெயர் இருந்தது. நான் நட்சத்திரம் போட்ட அதே பெயர். "இரும்மா, அவசரப்படாத" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். எங்கள் ஆள் ஒருவர், வெப்சைட் படங்களுக்கு எழுதிய கோடிங்கையே நகலெடுத்துப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளுக்கும் ஒரு ஸ்டோரேஜ் அமைத்திருந்தார். எல்லாரும் பார்க்கலாம் என்ற வரியும் கூடவே வந்துவிட்டது. அதைப் பிடிக்கத்தான் என் விதி இருந்தது. என் நட்சத்திரம் அந்த விதியின் வாயை அடைத்து வைத்திருந்தது. விதிவிலக்குக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

உள்ளே பக்கம் பக்கமாக எக்ஸ்ரேக்கள். நல்லூர், கம்மாபுரம், மங்கலம்பேட்டை என்று தெரிந்த ஊர்களாகவே ஓடியது. யார் யார் வந்து எடுத்துப் போனார்கள் என்பதற்குப் பதிவே இல்லை. அப்படிப் பதிந்து வைக்கச் சொல்லும் விதிக்கும் சேர்த்துத்தான் அந்த விலக்கைக் கொடுத்திருந்தேன்.

நட்சத்திரத்தை நீக்கி விதிகளை மறுபடி ஓட்டினேன். மாதக்கணக்காக விழாத சிவப்பெல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தது. மதியத்துக்குள் ஸ்டோரேஜைப் பூட்டினோம். மேனேஜரிடம் பக்கத்து வீட்டு விஷயத்தையும் சொன்னேன்.

"மூடியாச்சுல்ல? சென்டருக்கு நாங்க முறையாத் தெரிவிக்கிறோம். அதுவரைக்கும் வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லது என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படி இன்னொரு வேலை கிடைக்காது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். புதன்கிழமை முழுக்க அவள் கண்ணில் படாமல் இருந்தேன். மாடியில் துணி எடுக்கப் போனபோது அவள் படியேறும் சத்தம் கேட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆபீஸில் அத்தனை பேரையும் நிறுத்திக் கேள்வி கேட்கும் செக்போஸ்ட் நான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அவள் இறங்கிப் போகும்வரை வெளியே வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பொறுக்க முடியாமல் போய்ச் சொன்னேன். கோடிங் கதையெல்லாம் சொல்லவில்லை. "அந்தப் படம் வெளிய போனதுக்கு நான்தாம்மா காரணம். பூட்ட வேண்டிய எடத்தத் தொறந்து விட்டுட்டேன். உங்க நாத்தனார் யார்கிட்டயும் எதுவும் சொல்லல."

அவள் அடுப்பை அணைத்தாள். திட்டுவாள் என்று காத்து நின்றேன்.

"ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"செவ்வாக்கெழம."

"நான் வந்தேனே, அன்னிக்கேவா?"

"நீ போன அர மணி நேரத்துல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க மாமியார் வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுக்கல. நேத்து சாயங்காலமே அவங்கள வூட்ட வுட்டுப் போகச் சொல்லிட்டாங்க. ஒரு பையோட பஸ்ஸு ஏறுனாங்களாம். எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல."

நாத்தனாரின் நம்பருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. மறுபடி அடித்தாள்.

"எடுத்தாங்கன்னா நீங்களே சொல்லுங்கக்கா" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மங்கலம்பேட்டைக்குப் போய், கூடியிருந்த எல்லார் முன்னாலும் என் தப்பைச் சொன்னேன். அவளுடைய மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் மகள் அந்த வீட்டுக்கு இன்னும் திரும்பி வரவில்லை.