இலைக்கல்லும் மல்லிகாவின் பையும்

நாக்கில் வைத்தால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் அந்த வெளுத்த கல். சின்ன வயதில் பல்பம் தின்ற அதே ருசி. நல்ல கல்லா என்று பார்க்க ஜெனிஃபர் அக்கா சொல்லிக்கொடுத்த வழி அதுதான்...

அக்கா ஜியாலஜி படித்துவிட்டு, ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தார். வீக்லி ஆஃப் வந்தால் போதும், நானும் புவனாவும் மல்லிகாவும் அவர் பின்னால் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவோம். கரை சரிந்த இடத்தில் கல்லைப் பிளந்தால் உள்ளே இலை அச்சு இருக்கும். டைனோசர் காலத்து இலை, நரம்போடு!

அங்கே ஆடு மேய்க்கிறவருக்கு எங்கள் மேல் ஒரே சந்தேகம்.

"இன்னாம்மா, சர்வேக்கு வந்துகீறீங்களா? ஏரியையும் கம்பெனிக்குக் குட்த்துட்டாங்களா?"

இலை பொறுக்குகிறோம் என்றால் எந்த மனுஷன் நம்புவான்? நாங்கள் கிளம்பும்வரை முறைத்துக்கொண்டே நின்றார்.

அவரைச் சொல்லி என்ன... நான் மட்டும் யோக்கியமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு கல் கிடைத்தது. சீப்பு மாதிரி இலை, ஒரு பல்கூட உடையாமல். சேறு போகட்டும் என்று ஏரித் தண்ணீரில் நன்றாக முக்கி அலசி, துப்பட்டாவை விரித்து மற்றவர்கள் கற்களோடு வெயிலில் வைத்தேன். நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். நடுவில் மல்லிகா எழுந்து, தண்ணீர் பாட்டில் எடுக்க அந்தப் பக்கம் போய்வந்தாள்.

சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால்... என் கல்லைக் காணோம்.

காலையில் அதை வாங்கி வாங்கிப் பார்த்தவள் யார்? "எனக்குக் குட்த்துடேன்டி" என்று கேட்டவள் யார்?

"மல்லி, உன் பையத் தொற."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். டிபன் பாக்ஸ், நாப்கின் பாக்கெட், ஐடி கார்டு. அவ்வளவுதான்.

"கேட்ல டெய்லி இப்டித்தான் கொட்டிக் காட்டிகினு கீறேன். இன்னிக்கு லீவுன்னு நெனச்சேன்."

ஜெனிஃபர் அக்கா துப்பட்டா பக்கம் குனிந்தார். ஈரமாகக் குவிந்துகிடந்த மண் சில்லுகளை விரலால் கிளறினார்.

"நீ கல்லத் தண்ணில போட்டியா?"

"கழுவினேன்க்கா..."

"அய்யோ, இது களிமண்ணுடி! ஊறினா உதிர்ந்துடும். இதோ இருக்கு பாரு, உன் கல்லு."

எனக்கு அப்படியே ஏரியில் குதித்துவிடலாம் போலிருந்தது. சாரி சொன்னேன். மல்லிகா நாப்கின் பாக்கெட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "பரவால்ல வுடு" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டை விட்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். சில மாதத்தில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேலையை விட்டே போய்விட்டாள்.

இப்போது நான் மறைமலை நகரில் வேறு கம்பெனி, பர்மனென்ட். கேட்டில் என் பையை யாரும் தொடுவதில்லை. அந்த ஏரிக்கரையிலும் வேலி போட்டுவிட்டார்கள்.

கல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. உறுத்துவது வேறு. அந்தக் கம்பெனியில் நானும் புவனாவும் ட்ரெயினி, மல்லிகா மட்டும் கான்ட்ராக்ட். செக்யூரிட்டி எங்கள் பையைத் தொட்டுப் பார்த்து அனுப்பிவிடுவார். அவள் பையைத்தான் கொட்டச் சொல்வார்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நடுவே புவனாவும்தான் கை கழுவ எழுந்துபோனாள். அவள் பையைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.